ஜப்பான் நாடகத்து மேலதிகாரி

மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் அந்தத் தொழிற்கூடத்தில், சோதனை, பேக்கிங் பிரிவுகளின் சூப்பர்வைசருக்கு ‘ஸ்கேல் மேடம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஊழியர்களோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார், சிரிக்கமாட்டார், வந்தோமா வேலையைப் பார்த்தோமா என்றிருப்பார்.

குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்ட தங்கை, கட்டோடு இவர் வீட்டு சோபாவில் வந்து குடியேறினாள். அன்றிலிருந்து டிவி ரிமோட் அவள் கையில். சாயங்காலமானால் ஒரு ஜப்பான் நாடகம். அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவன், ஒருத்தி, அவ்வளவுதான் கதை. எட்டுப் பகுதி ஓடியும் இரண்டு பேரும் கையைக்கூடத் தொட்டுக்கொள்ளவில்லை. அவள் தும்மினால் அவன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் உட்கார்ந்துகொள்வான். லிஃப்டில் அவன் காலர் மடங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று ஏழு மாடியும் அவள் தவிப்பாள்.

“இதையெல்லாம் வேலை வெட்டி இல்லாதவங்கதான் பார்ப்பாங்க” என்று முதல் நாள் சொன்னவர், நான்காம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்னக்கா, வெங்காயம்கூட நறுக்கலையே?” என்று தங்கை சீண்டினாள்.

ஒன்பதாம் பகுதியில் இடி விழுந்தது. பிரிவின் மேலதிகாரியாக இருந்த ஒரு பெண்மணி, அவர்கள் பழகுவதை மோப்பம் பிடித்து, அவனைப் பனி கொட்டும் ஏதோ ஒரு கிளைக்கு மாற்றிவிட்டாள். அவனை வழியனுப்ப ரயிலடிக்குக்கூட அந்தக் காதலியால் போக முடியவில்லை. இவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மதியம், யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு பெண்கள் சாப்பிடும் அறைக்கே வந்துவிட்டார். எல்லாரும் திகைத்துப்போய் இடம் விட்டார்கள். ஜன்னல், லிஃப்ட், காலர் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கையைக்கூட ஆட்டி நடித்துக் காட்டினார். இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். அதில் அவருக்கு இன்னும் உற்சாகம்.

“அந்த மேலதிகாரி இருக்காளே, அவளைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது! ரெண்டு பேரும் வேலையில ஒரு குறை வச்சாங்களா? ஒரே இடத்துல இருந்தா யார் குடி முழுகிப்போச்சு? மனுஷியா அவ?”

சிரித்தவர்கள் டப்பாவுக்குள் குனிந்துகொண்டார்கள். மேசைக் கோடியில் இருந்த பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு பாதிச் சாப்பாட்டோடு மூடியை அழுத்தி மூடிவிட்டு எழுந்துபோனாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காது மடல் வரை சுட்டது.

ஆறு மாதத்துக்கு முன், மெருகு இயந்திரத்தில் வேலை செய்த இளைஞன் ஒரு வில்லையில் இந்தப் பெண்ணின் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்கிக் கொடுத்திருந்தான். ‘கம்பெனிப் பொருளை வீணாக்கினார், பணி ஒழுங்கு கெடுகிறது’ என்று மேலாளருக்கு எழுதியவர் இவர்தான். அடுத்த வாரமே அவனைத் தொலைதூரக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அது கீறல் விழுந்து கழித்துப்போட்ட வில்லை. கழித்தவரும் இவரே. அதை மட்டும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னார்.

“நீயா எழுதின?” என்றாள் தங்கை. அன்று அவள் டிவி போடவில்லை. அக்காவைத் தேற்றவும் இல்லை.

காலையில் மேலாளர் முன்னால் போய் நின்றார்.

“அந்தப் பையனைத் திரும்பக் கூப்பிடணும் சார்.”

“ஏம்மா, நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? அது பொய்யா?”

“அது கழிவுல கிடந்த வில்லை சார். தெரிஞ்சும் எழுதாம விட்டுட்டேன்.”

மேலாளர் ஒரு கோப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தார். “அவன் கோப்புல அதை இன்னிக்கே எழுத்துல சேர்த்துடுங்க. ஆனா அவன் அங்க ஃபோர்மேன் ஆயிட்டான். இனிமே வரமாட்டான்.”

எழுதிக் கொடுத்துவிட்டு, பேக்கிங் பிரிவுக்குப் போனார். அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தான் செய்ததைச் சொன்னார். மன்னிப்புக் கேட்க மட்டும் வரவில்லை.

“எங்களுக்கு அப்பவே தெரியும் மேடம்” என்றாள் அவள். பிறகு பையிலிருந்து நாலாக மடித்த ஒரு விண்ணப்பத்தை எடுத்தாள். அவன் இருக்கும் கிளைக்கே மாறுதல் கேட்டு எழுதியது. மடிப்பெல்லாம் நைந்திருந்தது. “மூணு வாரமா வச்சிருக்கேன். உங்க கையெழுத்து வேணும். கேக்க பயமா இருந்துச்சு.”

அவர் பெட்டியின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்ற இடத்தில், ‘நேர்மையான, திறமையான பணியாளர்’ என்று எழுதினார்.

அவள் வாங்கி வாசித்தாள். “அவரைப் பத்தியும் அன்னிக்கு இப்படி ஒரு வரி எழுதியிருக்கலாம் மேடம்.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார்.

அடுத்த மாதம் முதல் தேதி அவள் கிளம்பினாள். ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்துச் சொல்லிக்கொண்டு வந்தவள், இவர் மேசை முன்னால் ஒரு கணம் நின்று, “வர்றேன் மேடம்” என்று மட்டும் சொன்னாள்.

“நல்லா இருங்க ரெண்டு பேரும்” என்று சொல்ல நினைத்தார். அதைச் சொல்லத் தனக்கு வாய் இருக்கிறதா என்று தயங்குவதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.