கேமராவின் குப்பைத்தொட்டி

கிட்ட வாங்க கண்ணுகளா, காலை நீட்டி உட்காருங்க. சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நாகஜோதியின் கதை இது. சின்னக் கதைதான், கேட்டுவிட்டுப் போங்க.

ஊரில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுக்கிறவளுக்குத் தன் அம்மா முத்துத்தாய்க்கு மாலை போட ஒரு படம் இல்லை. விடிந்தால் வருஷத் திவசம். இருந்தது ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான். அதில் அம்மா யாரையோ வையப் போகிறவள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கா மாலை போடப் போறீக? ஆத்தா கனவுல வந்து வெளுத்துப்புடும்க்கா,” என்றான் ஆட்டோக்கார சோணை.

நாகஜோதி சிரித்தாள். அவன் போனதும் கடை முன்னைவிட அமைதியாகிவிட்டது. மத்தியானம் வாங்கி வைத்த ஒற்றைப் பொட்டலம் சோறு பிரிக்காமலே கிடந்தது.

முன்பு படங்கள் இருந்தவைதாம். தங்கை திவ்யா தானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு போன அன்று, அம்மா இதே கடை நாற்காலியில் உட்கார்ந்து, “அவ மூஞ்சி ஒண்ணுகூட இருக்கக் கூடாதுடி. அம்புட்டையும் அழிச்சுப்புடு,” என்றாள். நாகஜோதி கேமராவைக் கம்ப்யூட்டரில் செருகி ஒவ்வொன்றாக அழித்தாள். அம்மா தனியாக நின்ற படமே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. அம்மா செத்த அன்று திவ்யா தெருமுனை வரை வந்தாள். யாரும் வா என்று சொல்லவில்லை. நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

ஒன்றாவது தப்பியிருக்குமா என்று பீரோவிலிருந்த கேமராவை எடுத்துவந்து செருகினாள். கடைக் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். பென்டிரைவைப் போலவே கேமராவும் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் இடம் மட்டும் நிறைந்திருப்பதாகக் காட்டியது. ஒன்றுமில்லாதது எப்படி நிறையும்? அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தாள். காலியாகவே கிடக்கும் குப்பைத்தொட்டி நிரம்பியிருந்தது. அழித்ததெல்லாம் கேமராவுக்குள்ளேயே, அதன் சொந்தக் குப்பையில் ஒளிந்து கிடந்திருக்கிறது. செருகினால்தான் கண்ணுக்குத் தெரியும். இத்தனை வருஷமும் அது பீரோவில், அவள் சேலைகளுக்கு அடியில் இருந்தது.

ஒரு படத்தை மீட்டுத் திறந்தாள். திருவாதவூர்க் கோயில் வாசல். அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறாள். பக்கத்தில் திவ்யா, அம்மாவின் கன்னத்தைக் கிள்ளியபடி.

இதுதான் படம். படத்திலிருந்து தங்கையை வெட்டிப் பார்த்தாள். எப்படி வெட்டினாலும் அம்மாவின் கன்னத்தில் இரண்டு விரல்கள் மிஞ்சின. இன்னும் நெருக்கி வெட்டினால் சிரிப்பும் சேர்ந்து போனது.

வெட்டியதை விட்டுவிட்டு முழுப் படத்தையும் பிரிண்டில் போட்டாள். பிறகு போனை எடுத்து, அழிக்காமல் வைத்திருந்த தங்கையின் நம்பரை அழுத்தினாள். எதிர்முனையில் மணி அடித்தது. மெஷினிலிருந்து முதலில் கோபுரம் வந்தது, அப்புறம் இரண்டு தலைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

“அக்கா?”

நாகஜோதியின் கை, கேமரா வயர் கழன்றுவிடாமல் அதை அழுத்திப் பிடித்திருந்தது.

உங்க வீட்டுச் சுவரில் மாட்டும் படங்களில் ஒரு முகமும் குறையாமல் இருக்கட்டும் கண்ணுகளா. உங்க வாசல் வரை வந்தவர்கள் எல்லாரும் உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டே போகட்டும்.