மோசம், புள்ளி ஒன்பது

பழைய கட்டடங்களைக் கெடுமுன்னே பார்த்துச் செப்பனிடும் அலுவலகத்தில் ஆய்வாளர் வேலை அவளுக்கு. எதையும் நல்லது, கெட்டது என்று இரண்டாக வெட்டிவிடாத ஃபஸி லாஜிக் கணக்கு வந்ததில் அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஒரே சுவர் கொஞ்சம் நன்று, நிறையப் பரவாயில்லை, துளி மோசம் என்று மூன்றிலும் கால் வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து ஒன்று வரை புள்ளி. எந்தக் கட்டடத்தை முதலில் கவனிப்பது என்று கணினி வரிசை போட்டுக் கொடுத்துவிடும்.

நூற்றைம்பது வயதான நூலகத்தில், கூடத்தின் மர உத்தரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினாள். கைப்பிடி வரை இறங்கிவிட்டது. உள்ளே கரையான் தின்ற தூள். அதற்கு நேர் கீழேதான் அங்கே வேலை பார்க்கும் அவளுடைய அக்காவின் மேஜை. மோசம், புள்ளி ஒன்பது என்று போட்டாள்.

மறுநாளே அவளுடைய அலுவலக இயக்குநர் கூப்பிட்டார்.

"ஏம்மா, புள்ளி ஒன்பதுன்னா கூடத்த மூடணும். வெள்ளிக்கிழம நம்ம விருது விழாவே அங்கதான? பரவாயில்லைய ஏத்தி, மோசத்த எறக்கு."

"சார், உத்தரம் உளுத்துப்போச்சு."

"உளுத்ததுலயும் அளவு இருக்கில்ல? இந்தக் கணக்கே அதுக்குத்தானம்மா!"

என்ன விருது தெரியுமா? கட்டடம் கெடுமுன்னே காக்கும் திட்டத்துக்கு விருது! முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். அவரே புள்ளியை மாற்றிக்கொண்டார், அதுவும் அவள் பெயரிலேயே. த்தூ! விழாவுக்குப் போகாதே என்று அக்காவிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"வரலைன்னா மெமோ குடுப்பாங்கடி" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை காலை கூடத்துக்குள் நுழைந்தவள் நாலு பக்கமும் பார்த்தாள். வழக்கமாக நடுவில் போடும் மேடையை அந்தக் கோடிச் சுவரோரம் தள்ளிப் போட்டிருந்தார்கள். நடுவில், உத்தரத்துக்கு அடியில், நூலக ஊழியர்களுக்கு இரண்டு வரிசை நாற்காலி. முதல் நாற்காலியில் அக்கா.

"மேடைய யாரு மாத்தச் சொன்னது?" என்று மேடை போட்டவரைக் கேட்டாள்.

"இயக்குநர் சார்தாங்க. மேல ஏதோ சரியில்லையாம்."

தெரிந்தே செய்திருக்கிறார், படுபாவி! விறுவிறுவென்று மேடையேறி, அங்கே நின்றிருந்த இயக்குநருக்குப் போட்டிருந்த மெத்தை நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டாள். கூடமே திரும்பிப் பார்த்தது.

"சார், புள்ளிய எறக்குனது நீங்கதான? வந்து உக்காருங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். முகம் வேர்த்துவிட்டது.

"வெளையாடுற நேரமாம்மா இது?" என்றார், மேடையைவிட்டு ஓர் அடி நகராமல்.

அக்கா அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே நடந்தாள். பின்னாலேயே இரண்டு வரிசையும் எழுந்தது.