யூகாயேவுக்கு விட்ட இடம்

1

இந்தக் கதை ஒரு நூலோவியத்தில் கிடைத்தது. மெழுகு பூசிய பலகையில் நூலை இழை இழையாய் அழுத்தி ஒட்டிய சூரியன், மான், சோளக்கதிர். கீழே ஓர் ஆளின் உருவம் ஒட்டும் அளவுக்கு வெறும் மெழுகு. மெக்சிகோவில், விராரிக்கா மக்களான எங்கள் மலையில் யாரும் அப்படி இடம் விடுவதில்லை. விட்டவள் என் பக்கத்து வீட்டு ஹகைமா.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ஹகைமாவின் கணவன் யூகாயே இறந்து—

இல்லை. அவளே சொல்லாததை நான் எப்படிச் சொல்ல?

2

யூகாயே கடலோரத்துப் புகையிலைக் காட்டுக்கு வேலைக்குப் போனான். அங்கிருந்து வடக்கே, எல்லை தாண்டி. கொஞ்ச காலம் ஃபோன் வந்தது. பிறகு அதுவும் நின்றது. (அவனை நினைத்தால் முதலில் என்ன ஞாபகம் வருகிறது என்று ஹகைமாவைக் கேட்டேன். சிரித்தால் சத்தம் வராது என்றாள். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.)

சோளம் மூன்று முறை விளைந்தபின், அவன் தங்கை ரூதியாமா வழியனுப்புச் சடங்கு பற்றிப் பேச்செடுத்தாள். பாடகர் பாடி அழைத்தால் இறந்தவர் சின்னப் பூச்சியாகப் பறந்து வந்து, வீட்டாரிடம் விடைபெற்று மேற்கே போவார். அதற்குக் காணிக்கைப் பலகை வேண்டும். தெய்வங்கள் அதன் வழியாகத்தான் நம்மைப் பார்க்கின்றன. அதில் ஒட்டியது ஒட்டியதுதான், பிறகு மாற்ற முடியாது. ஹகைமா மறுக்காமல் தொடங்கினாள். கணவனின் உருவத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை.

3

"அண்ணன் எங்கயோ வழி தெரியாம அலையுது அண்ணி. பூச்சியா வந்தாலும் பரவால்ல, ஒரு தடவ பாத்துக்கிறேன்."

"வந்துட்டா போயிடுவாரேடி."

ரூதியாமா பலகையின் வெறும் இடத்தைத் தடவினாள். தன்னைவிட இந்தத் தங்கைக்கு அவனை அதிக காலம் தெரியும் என்பது ஹகைமாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சிவப்பு நூலை ரூதியாமாவிடம் நீட்டி, நீயே வை என்றாள்.

4

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவு: ரூதியாமா அவனை மேற்கே பார்த்து ஒட்டுகிறாள். பாட்டு, பூச்சி, அழுகை. (அழகாக வந்துவிட்டது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

இன்னொன்று: வீட்டைப் பார்த்து ஒட்டுகிறாள். ஒரு மத்தியானம் நாய் குரைக்க, ஹகைமா எட்டிப் பார்த்தால்—

நான் பார்த்தது இவ்வளவுதான். ரூதியாமா நூலை விரலில் சுற்றியபடி கேட்டாள்: "எந்தப் பக்கம் பாத்து வைக்கட்டும் அண்ணி?"

ஹகைமா எழுந்தாள். மெழுகு இறுகிவிடாதபடி பலகையை வெயிலுக்கு நகர்த்திவிட்டு, அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

உங்கள் வீட்டிலும் திரும்பி வராத ஒருவர் இருக்கலாம். அவரை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவீர்கள்? எனக்குச் சொல்ல வேண்டாம். அந்த இருவரும் இன்னும் வெயிலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம் சொல்லுங்கள்.