தூரத்தில் வெள்ளையாக ஒன்று

வியாழக்கிழமை காலை அவர் பைக்கின் செயினுக்கு எண்ணெய் விட்டார். பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, வழிந்ததைப் பழைய பனியன் துணியால் துடைத்தார். வாசற்படியில் நின்று கொண்டை போட்டுக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை போலாமா?" என்று கேட்டார். அவள் வாயில் இரண்டு ஹேர்பின்கள் இருந்தன. "ம்" என்றாள். அவளுடைய "ம்"களில் எத்தனை வகை உண்டு என்பது அவருக்கு அத்துப்படி. இது போகலாம் என்கிற "ம்". கையைக் கழுவினார். கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. போனார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று பகல் பதினொன்றரை மணிக்கு, ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், டூல் பையில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். வீடு நிறைந்தது, காலியானது. பைக் மட்டும் ஏழு வாரம் நின்ற இடத்திலேயே நின்றது.

ஏழாவது வாரம் மகள் வந்தாள். நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் பிசியோதெரபிஸ்ட். கல்லூரிக் காலத்திலேயே அப்பாவிடம் பைக் ஓட்டக் கற்றவள். பைக்கை நானே எடுத்துக்கொள்கிறேன், திங்கட்கிழமை காலை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள். அம்மாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போதுதான் அம்மா மெல்ல ஆரம்பித்தாள்.

"நாளைக்கு ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறியா?"

"எங்கம்மா?"

"அது எனக்குத் தெரியாது."

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

விஷயம் இதுதான். அம்மா அச்சகத்தில் பிழை திருத்துபவள். அங்கே அவளுக்குக் 'கண்ணாடியம்மா' என்றுதான் பெயர். சோடாபுட்டிக் கண்ணாடி; அதைக் கழற்றினால் எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதே சந்தேகம்தான். ஆறு நாளும் எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து, ஏழாம் நாள் எழுத்து என்பதே கண்ணில் படக்கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கணவரின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுவாள். மகள் படிக்கப்போன பிறகு தொடங்கிய பழக்கம். பதினோரு வருஷம்.

எங்கெங்கோ சுற்றினாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்பார்கள். சின்னப் பாலம் ஒன்று. உட்காருவதற்கு வாகாக இடுப்புயரக் கைப்பிடிச் சுவர். பிளாஸ்கில் கொண்டுபோன டீயை ஊற்றிக் குடிப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் வெள்ளையாக ஒன்று தெரியும். உயரமாக, மொழுக்கென்று.

"அது என்னங்க?" என்று முதல் தடவை கேட்டபோது, "கப்பல்" என்றார்.

"இங்க ஏது தண்ணி?"

"அதான் நின்னுடுச்சு."

அடுத்த வாரம் கேட்டபோது அது மேகம் தயாரிக்கிற ஃபேக்டரி. அதற்கடுத்த வாரம் ராட்சசன் வீட்டு ஃப்ரிட்ஜ். "போன வாரம் கப்பல்னீங்களே" என்றால், "அதை நேத்துதான் இழுத்துட்டுப் போனாங்க, இது வேற" என்பார். பதினோரு வருஷத்தில் ஒரு பதிலை அவர் இரண்டாம் தடவை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் பிடித்திருப்பாள். பிடிப்பதுதானே அவள் தொழில்.

"ஒரு நாளாச்சும் கண்ணாடிய எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள் மகள்.

"போயிருக்கலாம். என்ன அவசரம்னு இருந்துட்டேன்."

இப்போது அவசரம் வந்துவிட்டது. பாலத்துக்குப் பெயர் தெரியாது, சாலைக்குப் பெயர் தெரியாது. அம்மாவுக்கு அந்த வழி தெரியும் என்றால், அந்த பைக்கின் பின்சீட்டுக்குத் தெரிந்த அளவுக்குத்தான். அந்த சீட்டும் நாளை மறுநாள் போய்விடும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஏறினாள். ஹெல்மெட்டுக்குள் கண்ணாடிக் காம்பு நுழைய மறுத்தது. அப்படி இப்படி நெம்பி ஒருவழியாகச் சொருகிக்கொண்டாள். வழி கண்டுபிடிக்கப் போகிறவள் கண்ணைத் திறந்துகொண்டுதானே போகவேண்டும்?

அங்கேதான் வந்தது வினை. ரயில்வே கேட் வரைக்கும் சரி. அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. சாலை நெடுகக் கடைகள். கடை நெடுகப் பலகைகள். ஒரு பேட்டரிக் கடைப் பலகையில் ஒரு எழுத்து உதிர்ந்திருந்தது. ஒரு மருந்துக்கடை தன் பெயரையே இரண்டு விதமாக எழுதியிருந்தது. அவள் கண் தானாக அங்கங்கே நின்று திருத்திக்கொண்டே வந்தது.

"அம்மா, லெஃப்டா, நேராவா?"

"இரு, அந்தப் போர்டுல..."

"போர்டு கிடக்கட்டும்மா. திரும்பணுமா, கூடாதா?"

திரும்பினார்கள். அரை மணி நேரத்தில் கான்கிரீட் கலவை போடும் இடம் ஒன்றின் வாசலில் போய் நின்றார்கள். அதற்கப்பால் சாலையே இல்லை. ஒரு நாய் எழுந்து வந்து முன்சக்கரத்தை மோந்துவிட்டு, இவர்களால் பிரயோஜனமில்லை என்று திரும்பிப் போனது.

மகள் எஞ்சினை அணைத்தாள். "நீ எனக்கு வழி சொல்றியா, இல்ல ஊரையே திருத்துறியா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு. அவளுக்கே கொஞ்சம் திடுக்கென்றிருந்தது. பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினாள், கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள், ஹெல்மெட்டை மறுபடி மாட்டினாள்.

"திருப்பு. ரயில்வே கேட்டுக்கே போ. நாப்பதுக்கு மேல போகாத. உங்கப்பா போகமாட்டாரு."

"கண்ணாடியில்லாம எப்படிம்மா சொல்லுவ?"

"நீ ஓட்டுடி."

தண்டவாளத்தில் சக்கரங்கள் இரண்டு தடவை குலுங்கின. அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் ரொட்டி வேகும் வாசனை வந்தது. "இப்ப ரைட்டு" என்றாள். பைக் சாய்ந்தது. சாய்வு நீளமாக இருந்தது. ஆமாம், இவ்வளவு நீளம்தான். பிறகு கையில் குளிர்ச்சி பட்டது, மர நிழல். "இது முடியிற வரைக்கும் நேரா." எஞ்சின் சத்தம் சட்டென்று பெரிதாகி, உடனே சின்னதானது. மேம்பாலத்துக்கு அடியில் வந்துவிட்டார்கள். "இங்கதான் ஹாரன் அடிப்பாரு."

"எதுக்கு?"

"சும்மா. எதிரொலி கேக்கும்."

மகள் அடித்தாள். எதிரொலி கேட்டது.

இறக்கம் ஒன்று வந்தது. அம்மாவின் உடம்பு முன்னால் நழுவி மகளின் முதுகில் மோதியது. பதினோரு வருஷமாக இந்த இறக்கத்தில் மோதிய முதுகு அகலமானது, அசையாதது. இது ஒல்லி முதுகு. ஆனால் இறக்கம் அதேதான். அடியில் சரளைக்கல் பொரிந்தது. "அவ்வளவுதான். மெதுவா. நிறுத்து."

நின்றது. அம்மா இறங்கிக் கையை நீட்டினாள். இடுப்புயரத்தில் சுவர் தட்டுப்பட்டது.

மகள் நின்ற இடத்திலேயே நின்று தூரத்தைப் பார்த்தாள். "அம்மா..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சொல்லாத. இரு."

கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்தாள். பிறகு மாட்டிக்கொண்டாள்.

கோபுரம் மாதிரி ஒன்று. நான்கு பக்கமும் வழவழப்பான வெள்ளைச் சுவர். கீழிருந்து உச்சி வரை ஒரு ஜன்னல் இல்லை. அத்தனை உயரத்துக்கு ஒரு ஜன்னல்கூட இல்லாமல் எதற்கு ஒரு கட்டடம்? எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். அதுவும் இல்லை.

"என்னடி இது, பாத்தும் புரியல."

"வா, போய்க் கேப்போம்."

கிட்டே போகப்போக அது வளர்ந்துகொண்டே போனது. கேட்டில் இருந்த காவலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தோடு எழுந்து வந்தார்.

"இது லிஃப்ட் டெஸ்ட் பண்ற இடம்மா. புதுசா ஒரு லிஃப்ட் செஞ்சா, முதல்ல இங்கதான் ஓட்டிப் பாப்பாங்க. மெக்கானிக்குங்களுக்கு டிரெய்னிங்கும் இங்கதான்."

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். காவலாளி போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நம்ம சாரு. வருஷத்துக்கு ரெண்டு தடவ வருவாரே. புதுப் பசங்களுக்கு கயிறு மாத்தச் சொல்லிக் குடுப்பாரு. நல்லா இருக்காரா?"

மகள் சொன்னாள். காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பிறகு, "மதியம் சாப்பாட்டு நேரத்துல மொட்டைமாடிக்குப் போயிடுவாரும்மா" என்றார். "நானும் கூடப் போவேன். அதோ அந்தப் பாலம் இருக்குல்ல, மேலேர்ந்து பாத்தா தீப்பெட்டி மாதிரி தெரியும். அது என்னன்னு என்கிட்ட கேப்பாரு. பாலம்னு சொன்னா ஒத்துக்கவே மாட்டாரு. வேற சொல்லுய்யா, வேற சொல்லுய்யாம்பாரு. எனக்கு என்ன தெரியும்? ஒரு தடவ ஒட்டகம் படுத்திருக்குன்னு சொல்லித் தொலைச்சேன். அன்னைக்கு முழுக்க அவருக்கு ஒரே சிரிப்பு."

அம்மா திரும்பிப் பாலத்தைப் பார்த்தாள். இங்கிருந்து அதன் கைப்பிடிச் சுவர் மட்டும்தான் தெரிந்தது. ஆறு நாளும் லிஃப்ட் லிஃப்ட் என்று கிரீஸும் கையுமாகத் திரிந்த மனுஷன், ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஒரு வார்த்தையைத் தன் வாயில் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுத்தை மூடி வைக்க அவளிடம் ஒரு கண்ணாடிக் கூடாவது இருந்தது.

"எத்தனை மாடி இது?" என்று கேட்டாள்.

"உயரம் முப்பது மாடிம்மா. ஆனா உள்ள மாடின்னு ஒண்ணுகூட கிடையாது. கீழ ஒரு கதவு, உச்சில ஒரு கதவு, அவ்வளவுதான்."

"இப்ப ஓடுதா?"

"ஓடுது. மணல் மூட்டைய ஏத்தி விட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமையும் நிறுத்துறதில்ல."

அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். வெள்ளைச் சுவருக்கு உள்ளே சன்னமாக ஒரு ரீங்காரம் ஏறிக்கொண்டே போனது. உச்சியில் ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது.