அடுப்பு மூட்டாத வீடு

ராயபுரத்துக் கடலோரத்தில் அந்த மரவீட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. வீட்டைத் தெரிந்தவர்களுக்கு அதன் சட்டமும் தெரியும்: உள்ளே நெருப்பு மூட்டக் கூடாது. கல்யாணமாகி வந்த பத்தொன்பது வருஷமாக, மழையானாலும் வெயிலானாலும் இருதயம்மாள் பின்முற்றத்துத் தகரத்துக்கு அடியில்தான் சோறு பொங்குகிறாள். மாமியார் இல்லாத இடம் என்று சந்தோஷப்பட்டு வந்தவளுக்கு வீடே மாமியாராக வாய்த்தது.

அதைக் கட்டியவர் லியோனார்ட் துரை; கப்பல்களுக்கு வழிகாட்டித் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் பைலட். புயலில் கரை தட்டிய கப்பல் ஒன்றை ஏலத்தில் எடுத்து, அதைப் பிரித்த பர்மா தேக்கில் இரண்டு தட்டு வீடு எழுப்பினார். ஆணியில் பாதி செம்பு, பாதி மரம். பலகை இடுக்கெல்லாம் நீர் புகாமல் அடைத்த சணலும் குங்கிலியமும். மாடிக்குப் போவதற்குப் படிக்கட்டு இல்லை, கப்பல் ஏணிதான். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் இறங்க முடியாது. உத்தரங்களில் கப்பல் தச்சன் வெட்டிய எண்கள் இன்னும் இருக்கின்றன. கடலில் கிடந்த மரம் கரையில் வறண்டால் வெடித்துவிடும் என்று, படகுக்குப் பூசுவது போல வருஷம் தவறாமல் சுவருக்கும் தரைக்கும் சுறா எண்ணெய் பூசினார். விற்கும்போது பத்திரத்திலேயே எழுதிவிட்டார்: வீட்டுக்குள் அடுப்போ திறந்த விளக்கோ கூடாது.

வாங்கிய தோல் மண்டி மஜீது அதைத் துரைமார் கிறுக்கு என்று சிரித்தார். ஒரு வெள்ளிக்கிழமை தோல் நாற்றம் போகட்டும் என்று சாம்பிராணி போட்டார். ஒரு பொறிதான் பறந்தது. கீழ்த்தட்டுத் தூண் ஆள் உயரத்துக்குக் கரிந்தது. மறுமாதமே வீட்டைப் படகுத் தச்சர் தவசிமுத்துவின் தலையில் கட்டிவிட்டு மண்ணடிக்குப் போய்ச் சேர்ந்தார். பத்திரத்தில் அந்த வரியை மட்டும் மறக்காமல் திரும்ப எழுதினார்.

தவசிமுத்துவின் மகன் அருள்பிரகாசம், துறைமுகப் பட்டறையில் தச்சர், இருதயம்மாளின் புருஷன். அவர்தான் இப்போது, எழுபத்தொன்றாம் வருஷத்துப் புரட்டாசி மாதத்தில், மாடியில் கயிற்றுக் கட்டிலில் செத்துக்கொண்டிருந்தார். நுரையீரல் முழுக்கப் புண். தூக்கி இறக்கினால் ஏணியிலேயே ரத்தம் கக்கிப் போய்விடும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

இதில் இன்னொரு வினையும் இருந்தது. சுறா எண்ணெய் யானை விலை விற்கிறது என்று அருள்பிரகாசம் இந்த வருஷம் வைகாசியில் ஒரு காரியம் செய்தார். லாரி ஷெட்டிலிருந்து கழிவு ஆயிலை வாங்கி, டீசலில் கரைத்து மாடி முழுக்கப் பூசினார். பூசி முடித்த பிறகுதான் பயம் வந்தது. "இந்தாமே, இனிமே மேல பீடி வாசனகூட வரக்கூடாது. ஒரு குச்சி கிழிச்சா வூடு மட்டும் போவாது, குப்பமே பூடும்" என்றார். இரண்டு பக்கமும் ஓலைக் குடிசைகள்.

காலையில் மாதாகோவில் சாமியார் வந்து, சாகும் நேரத்துக்கான அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். வீட்டின் கதை தெரிந்தவர், மெழுகுதிரி இல்லாமலே முடித்துவிட்டுப் போனார். அது நாத்தனார் சிலுவையம்மாளுக்குச் செரிக்கவில்லை. மந்திரித்த திரியைக் கையில் பிடிக்காமல் அவர்கள் குடும்பத்தில் யாரும் கண்மூடியதில்லை.

"சாமியாருக்கு இன்னா, செஞ்சிட்டுப் பூட்டாரு. வழி தெரியாம நிக்கப் போறது எந்தம்பி. அவன இருட்டுல அனுப்பச் சொல்றியா?"

"கண்ணாடிக் கூண்டுல வச்சி ஏத்தலாம் அண்ணி."

"கையில பிடிக்கணும்டி. கூண்டுல வைக்க அது இன்னா, கோழியா?"

இருதயம்மாள் தன் மகள்கள் இரண்டு பேரையும் கோவில் பக்கம் அனுப்பிவிட்டு, கஞ்சி வைக்க முற்றத்துக்கு இறங்கினாள். அரிசி களைந்துகொண்டிருந்தபோது மூக்கில் மெழுகு மணம் ஏறியது. பானை கையிலிருந்து நழுவியது. அவள் ஏணியில் ஏறினாளா பறந்தாளா, அவளுக்கே தெரியாது.

அருள்பிரகாசத்தின் வலது கையில் திரி எரிந்துகொண்டிருந்தது. சிலுவையம்மாள் கண்ணை மூடி, முழங்காலில் நின்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவருடைய விரல்கள் நடுங்கின; சுடர் கட்டில் விளிம்புக்குப் போய்ப் போய் வந்தது. கீழே பலகை கறுப்பாக மினுங்கியது. எண்ணெய் பூசிய பழந்துணி கட்டில் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

இருதயம்மாள் அதைக் காலால் தள்ளினாள். காற்று வரும் இரண்டு ஜன்னலையும் அடைத்தாள். திரியைப் பிடுங்கக் கை நீண்டது, பாதியில் நின்றது. சாகிறவர் கையிலிருந்து வெளிச்சத்தைப் பிடுங்கிய பெண்சாதி என்ற பெயரோடு எந்தக் கோவிலுக்குள் போவது? மண்டியிட்டு, இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வலது உள்ளங்கையைத் திரிக்கு அடியில் ஏந்தினாள்.

மெழுகு சொட்டியது. சுட்டது. கையை எடுக்கவில்லை. நாலு விரற்கடை இருந்த திரி மூன்றானது, இரண்டானது. அவருக்கோ மூச்சு போய்ப் போய்த் திரும்பியது. ஒவ்வொரு மூச்சுக்கும் கை ஒரு உதறு உதறியது. எரியும் பொட்டு ஒன்று அவள் விரலிடுக்கில் விழுந்தபோது, தரையில் விழுந்துவிட்டதென்று நினைத்துக் குனிந்து பலகையைத் தேடினாள்.

மூன்று மாதமாக அவரைக் காப்பாற்றச் சொல்லி அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டவள் அவள். இப்போது அவள் உதட்டில் வேறு ஜெபம் வந்தது. ஆண்டவரே, சீக்கிரம். திரி தீர்வதற்குள் கூட்டிக்கொள்ளும். சீக்கிரம், சீக்கிரம். என்ன கேட்கிறோம் என்று உறைத்தபோது அவளுக்கு அந்த நெருப்பைவிடத் தன்னைக் கண்டே பயமாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அருள்பிரகாசம் கண் திறந்தார். சுடரைப் பார்த்தார். உத்தரத்தைப் பார்த்தார். பிறகு வெந்து சிவந்த அவள் உள்ளங்கையைப் பார்த்தார். நெஞ்சுக்கூடு மெதுவாக மேலே எழும்பியது; பத்து நாளாக அவ்வளவு காற்றை அவர் உள்ளே வாங்கியதில்லை. உதட்டைக் குவித்தார். ஊதினார்.

திரி அணைந்தது. புகை ஒரு முழம் எழுந்து கலைந்தது. அடுத்த மூச்சை அவர் இழுக்கவில்லை.

"பாழாப் போன காத்து அணைச்சிடுச்சே" என்று சிலுவையம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஜன்னல் இரண்டும் அடைத்துத்தான் இருந்தன. இருதயம்மாள் அதைச் சொல்லவில்லை, பிற்பாடும் யாரிடமும் சொன்னதில்லை. உள்ளங்கையில் மெழுகு இறுகிக் கிடக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த ஜெபத்தை மனசுக்குள் சொன்னோமா, வாய்விட்டுச் சொன்னோமா என்பதுதான் அவளுக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.