ஏழு தலைமுறை வீட்டு ரத்தம்

கல்யாணத்துக்கு முன்பே இருவருக்கும் தெரியும். சைப்ரஸில் ரத்தச் சான்று காட்டாமல் பாதிரியார் மணமுடி சூட்டமாட்டார். கிறிஸ்டாலாவின் ரத்தத்திலும் லோயிசோஸின் ரத்தத்திலும் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறை ஒளிந்திருந்தது. அதனால் அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பிறக்கும் குழந்தை இருவரிடமிருந்தும் அதை வாங்கிக்கொண்டால்தான், ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். குழந்தைக்கு நோய் இருக்கிறதா என்று வயிற்றில் ஊசி செலுத்திப் பார்ப்பதுதான் வழக்கம். அவள் அக்காவுக்கு அப்படிப் பார்த்த பிறகு கரு கலைந்தது. ஊசியால்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு வந்தாலே கிறிஸ்டாலா எழுந்து ஜன்னலோரம் போய்விடுவாள்.

டாக்டர் தியானோ வேறு வழி சொன்னார்.

"உன் கையில எடுக்குற ரத்தத்துலயே குழந்தையோட மரபணுத் துணுக்கும் கலந்திருக்கும்மா. அதுல அப்பாவோட குறை இருக்கான்னு தேடலாம். இல்லைன்னா நோய் வராது. ஆனா உங்க ரெண்டு பேர் குறையும் வேற வேற வகையா இருந்தாத்தான் பிரிச்சுப் பார்க்க முடியும். நம்ம தீவுல பெரும்பாலும் ஒரே வகைதான். உன்னோடதும் அதுதான்."

லோயிசோஸின் ரத்தம் சோதனைக்குப் போனது.

"அதுக்கு எதுக்குச் சோதனை?" என்றாள் மாமியார் மரிக்கூ. "ஏழு தலைமுறையா இந்த வீட்டுக்குள்ள வெளி ஆள் ரத்தமே வந்ததில்ல."

இந்தப் பெருமையைக் கிறிஸ்டாலா பலமுறை கேட்டிருக்கிறாள். அன்றுதான் அது தீர்ப்பு மாதிரி ஒலித்தது.

முடிவு வந்தது. லோயிசோஸுடையது வேறு வகை. இந்தப் பக்கம் அபூர்வம், கடலுக்கு அந்தப் பக்கம்தான் அதிகம் என்றார் டாக்டர்.

"ஆஸ்பத்திரில மாத்தி வச்சிருப்பாங்க," என்றாள் மரிக்கூ.

"உன் வழியா, அப்பா வழியான்னு பார்க்கச் சொல்லட்டுமாம்மா?" என்றான் லோயிசோஸ்.

"இதுல பார்க்க என்ன இருக்கு? உங்கப்பன் கூட்டம்தான். எவன் படகு வந்தாலும் ஏறிட்டுத் திரிஞ்சவங்க."

"அப்ப ஏழு தலைமுறை?"

"அது என் பொறந்த வீட்டைச் சொன்னேன்."

பல வாரங்களுக்குப் பிறகு கிறிஸ்டாலா சிரித்தாள். என்றோ எங்கிருந்தோ கரையேறிய ஒருவனை நினைத்துக்கொண்டாள். அவனுக்கு முகம் இல்லை. ஆனாலும் நன்றி சொல்லத் தோன்றியது.

அவள் கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். பிறகு காத்திருப்பு. வீட்டில் எல்லோரும் வேறு எதையாவது பேசினார்கள்.

திராட்சை இலையில் கறியும் அரிசியும் வைத்து மூவரும் சுருட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கிறிஸ்டாலா எடுத்துக் கேட்டாள், வைத்தாள், உட்கார்ந்தாள்.

"என்னவாம்? வாயைத் திறயேன், கிறிஸ்டாலா," என்றான் லோயிசோஸ்.

"உன் குறை குழந்தைக்கு வரலையாம். நோய் இருக்காதாம். ஊசியும் வேண்டாமாம்."

அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். மரிக்கூ வந்து, இத்தனை நாள் தொடத் தயங்கிய வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

"அத்தை, கையெல்லாம் எண்ணெய்."

"இருந்துட்டுப் போகுது," என்றாள் மரிக்கூ. கையை எடுக்கவில்லை.