சவரிமுத்து உபாத்தியாயரின் வாங்குகள்

நூற்றைம்பது வருடங்களுக்கு முன் தீவுப்பகுதியில் பள்ளிக்கூடம் கட்டிய சவரிமுத்து உபாத்தியாயருக்கு கனடாவின் ஸ்காபரோவில் வருடத்துக்கு ஒருமுறை உயிர் வரும். பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடலில் அவர் படத்துக்கு மாலை போடுவார்கள், குத்துவிளக்கு ஏற்றுவார்கள், பிறகு கொத்துரொட்டி எப்போது வரும் என்று வாசலைப் பார்ப்பார்கள். இந்த வருடம் அவர் வாழ்க்கையை நாடகமாகப் போடுவது என்று முடிவாயிற்று. எழுதி இயக்குகிற வேலை றஜிதாவின் தலையில் விழுந்தது. உபாத்தியாயர் வேடம் சங்கத் தலைவர் மரியரட்ணத்துக்கு. மண்டபம் எடுத்துத் தந்தவருக்கு வேறு என்ன வேடம் கொடுப்பது?

எழுதியதில் றஜிதாவுக்கு மிகவும் பிடித்தது வாங்குக் காட்சி. அந்தக் காலத்தில் வகுப்பிலே பெரிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உட்கார நீள மர வாங்கு, மற்றப் பிள்ளைகளுக்கு வெறும் நிலம். எல்லோரையும் வாங்கில் இருத்தினால் ஊர் சும்மா விடாது என்று உபாத்தியாயருக்குத் தெரியும். ஒருநாள் காலை வாங்குகளைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் நிலத்தில் இருக்கச் சொன்னார். தானும் கதிரையை விட்டு இறங்கி அவர்களோடு இருந்தார். அதற்கும் ஊர் சும்மா விடவில்லை, பள்ளியைக் கொளுத்தியது. அவர் திரும்பவும் கட்டினார்.

றஜிதாவின் அப்பா அன்புராசா, நிலத்தில் இருந்தவர்களின் வழியில் வந்தவர். கனடாவுக்கு வந்து முப்பது வருடமாகியும் சங்கத்தின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. "ஊரில எவ்விடம் எண்டு கேப்பினம். சொன்னாப் பிறகு அவையின்ர சிரிப்புக் குறையும்" என்பார். வாங்குக் காட்சி இருக்கிறது என்று மகள் சொன்னதும் "அப்ப வாறன்" என்றார். அவள் அன்றைக்கே போய் அவர் போட்டு வரப் புதுச் சேட்டு வாங்கினாள்.

கடைசி ஒத்திகையில் மரியரட்ணம் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"உந்த வாங்குச் சீனை வெட்டும், பிள்ளை. இஞ்ச பிறந்ததுகளுக்குச் சாதியெண்டா என்னெண்டே தெரியாது. நாங்கள் ஏன் சொல்லிக் குடுப்பான்?"

"அது இல்லாட்டி உபாத்தியாயர் என்ன செய்தவர் எண்டு காட்டுறது அங்கிள்?"

"பள்ளிக்கூடம் கட்டினவர். அது காணாதே? இல்லையெண்டா நாடகமே வேண்டாம்."

றஜிதா வெட்டினாள். மாதக்கணக்காகப் பாடமாக்கிய பிள்ளைகளை மேடையேற்றாமல் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அப்பாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

அப்பா புதுச் சேட்டோடு வந்தார். முன்வரிசைக் கதிரைகளில் ரிபன் கட்டிப் பிரமுகர்களின் பெயர்களை ஒட்டியிருந்தார்கள். அவர் கடைசி வரிசையில் போய் இருந்தார். நாடகம் ஓடியது. உபாத்தியாயர் பிறந்தார், படித்தார், கட்டினார், செத்தார். வாங்கு வரவேயில்லை. மேடையோரத்தில் நின்ற றஜிதா கடைசி வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் மரியரட்ணம் ஒட்டுமீசையும் தலைப்பாகையுமாகவே மைக்கைப் பிடித்தார்.

"உபாத்தியாயருக்கு எல்லாப் பிள்ளையளும் ஒண்டுதான். எங்கட சங்கமும் அப்பிடித்தான்."

அன்புராசா எழுந்தார். வீட்டுக்குப் போகப் போகிறார் என்றுதான் றஜிதா நினைத்தாள். அவரோ நடுப்பாதையால் நடந்து வந்து, முன்வரிசைக்கும் மேடைக்கும் இடையில், வெறும் நிலத்தில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்தார்.

"என்னண்ணை இது? எழும்பிக் கதிரையில இருங்கோ" என்றார் மரியரட்ணம், மைக்கிலேயே.

"உபாத்தியாயர் எங்களோட நிலத்தில இருந்தவர். நீங்களும் இறங்கி வந்து இருங்கோ. பிறகு நான் எழும்புறன்."

மரியரட்ணம் அசையவில்லை. மீசையின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. நிலத்தில் இருப்பது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை. ஆனால் ரிபன் கட்டிய வரிசை முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். தலைவரின் மனைவி, பேர்ணடெற் அன்ரி. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, அன்புராசாவுக்குப் பக்கத்தில் மெல்ல நிலத்தில் இருந்தார்.

"இவருக்கு முழங்கால் ஏலாது அண்ணை" என்றார். "நான் இருக்கிறன்."

அப்பா என்ன சொல்வாரோ என்ற பயத்தோடுதான் றஜிதா மேடையை விட்டு இறங்கினாள். அவர் கொஞ்சம் தள்ளி இருந்து அவளுக்கு இடம் விட்டார்.